சார்ஜென்ட் முறையில் உருவப்படம்: நடு டோனில் தொடங்கி வெளிச்சத்தில் முடிப்பது

அமெரிக்க உருவப்பட ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1892-இல் தீட்டிய லேடி ஆக்னியூ என்ற பெண்மணியின் படம் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வெள்ளை உடை மினுங்கும், இடுப்பில் கட்டிய இளம் ஊதாப் பட்டி கனமாகத் தெரியும். கைக்கெட்டும் தூரத்துக்குப் போனால் உடையும் இல்லை, பட்டியும் இல்லை. அகலத் தூரிகை இழுத்துவிட்டுப் போன சாம்பலும் வெள்ளையுமான கீற்றுகள்தான் மிஞ்சும். 127 × 101 செ.மீ. கேன்வாஸ், ஆறே அமர்வுகளில் முடிந்தது.

இதைப் பார்த்துவிட்டு நாமும் வேகமாகத் தீட்டுவோம் என்று கிளம்புகிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே சேற்று நிறத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சார்ஜென்ட்டின் வேகம் பின்னால் வந்த பலன். அதற்கு முன்னால் மூன்று பழக்கங்கள் இருக்கின்றன: தள்ளி நின்று பார்ப்பது, நடு டோனில் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்ட அழுத்தத்தில்) தொடங்குவது, தவறிய முகத்தை ஒட்டுப்போடாமல் முழுதாகச் சுரண்டி எடுப்பது. மூன்றாவதைச் செய்ய மனம் வந்தவருக்கே முதல் இரண்டும் பயன்படும்.

அவர் இந்த முறையைக் கற்ற இடம் பாரீஸ். 1856-இல் ஃபுளோரன்ஸில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஐரோப்பிய நகரங்களுக்கு இடையே இடம் மாறி மாறி வளர்ந்தவர். அமெரிக்காவை முதன்முதலில் பார்த்தபோது வயது 20. 1874-இல் ஓவியர் கரோலுஸ்-டியுரானின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். அக்காலப் பள்ளிகள் மாதக்கணக்கில் கோட்டோவியம் வரையவைத்த பிறகுதான் வண்ணத்தைத் தொடவிடும். கரோலுஸ்-டியுரான் அதை மாற்றி, தொடக்கத்திலிருந்தே மாணவர் கையில் தூரிகையைக் கொடுத்தார். கோட்டுக்குப் பதில் டோன்களின் தளங்களை வைத்து உருவத்தைக் கட்டச் சொன்னார். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸை ஓயாமல் படியுங்கள் என்பதுதான் அங்கே மந்திரம். சார்ஜென்ட் 1879-இல் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸையும், 1880-இல் நெதர்லாந்தின் ஹார்லெமில் டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸையும் நேரில் நின்று பிரதி எடுத்தார். நீங்களும் ஆள் ஒருவரை உட்காரவைப்பதற்கு முன் இந்த இருவரின் தலைகளில் நான்கைந்தை, நல்ல அச்சுப் பிரதியைப் பார்த்தாவது, ஒவ்வொன்றையும் ஒரே அமர்வில் தீட்டிப் பாருங்கள். ஒரு தலையை எத்தனை குறைந்த தளங்களில் சொல்லிவிட முடியும் என்பது அப்போது விளங்கும்.

இடமும் தூரமும்

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, சற்று உயரத்திலிருந்து வரவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நாடுகளில் ஓவியர்கள் வடக்குச் சன்னலை விரும்புவதற்குக் காரணம், நேர் வெயில் அநேகமாக விழாது, நிழல் இடம் மாறாது என்பதே. சன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்தால் வெளிச்சம் மேலிருந்து சரிந்து விழும். புருவம், மூக்கு, தாடை மூன்றுக்கும் தெளிவான நிழல் கிடைக்கும். இரண்டாவது சன்னலோ அறை விளக்கோ இருந்தால் மூடிவிடுங்கள். இரண்டு பக்க வெளிச்சத்தில் நிழலுக்குள் இன்னொரு வெளிச்சம் புகுந்து, முகம் தகடாகிவிடும்.

கேன்வாஸை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. சார்ஜென்ட் ஈஸலை (கேன்வாஸைத் தாங்கும் சட்டத்தை), அமர்பவருக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில் நிறுத்துவார். பிறகு தான் பின்னால் போய் நின்று இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிடுவார். பார்த்து முடிவு செய்து, முன்னால் நடந்து வந்து, ஒரு கீற்றை வைத்து, மறுபடி பின்னால் போவார். உங்கள் தூரத்துக்கு ஒரு கணக்கு: வரையும் உருவத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. தலையும் தோளும் மட்டும் என்றால், 60 செ.மீ. உயரக் கேன்வாஸுக்கு 2 மீட்டராவது வேண்டும். முழு ஆள் உருவத்துக்கு 5 முதல் 6 மீட்டர். அந்த இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, எப்போதும் அங்கிருந்தே பாருங்கள். முடிவெல்லாம் அந்தக் கோட்டில் எடுக்கவேண்டும். கேன்வாஸுக்கு அருகில் நின்று எடுத்த முடிவுதான் பெரும்பாலும் கண்ணை ஒரு பக்கம் பெரிதாக்குகிறது, வாயை முகத்திலிருந்து பிரித்துவிடுகிறது.

நீங்கள் நிற்பீர்கள், அவர் உட்கார்ந்திருப்பார். ஆகவே நாற்காலியை 40 செ.மீ. உயர மேடைமேல் போடுங்கள், அவர் கண்ணும் உங்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். நாற்காலிக் கால்கள், அவர் பாதங்கள் இரண்டின் இடத்தையும் குறித்துவிடுங்கள். 25 நிமிடம் உட்காருவது, 5 நிமிடம் ஓய்வு, இப்படி ஓர் அமர்வு மொத்தம் இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் போனால் அமர்பவரின் முகத் தசை தளர்ந்து, காலையில் தொடங்கிய ஆள் வேறு, மதியம் தீட்டும் ஆள் வேறு என்றாகிவிடும். சார்ஜென்ட் இடைவேளைகளில் பியானோ வாசிப்பார்; நல்ல வாசிப்பாளர். அமர்பவரின் முகம் உயிரோடு இருக்க அதுவும் ஒரு வழி.

வண்ணங்கள், பழையவையும் இன்றையவையும்

சார்ஜென்ட்டின் பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) இருந்தவற்றில் முக்கியமானவை: ஈய வெள்ளை, குரோம் மஞ்சள், மார்ஸ் மஞ்சள், வெர்மிலியன், ரோஸ் மேடர், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), விரிடியன் (குளிர்ந்த பச்சை), எமரால்டு பச்சை, கோபால்ட் நீலம், அல்ட்ராமரைன், ஐவரி கறுப்பு. இவற்றை அப்படியே வாங்கக் கிளம்பவேண்டாம். ஈய வெள்ளையிலும் குரோம் மஞ்சளிலும் ஈயம், வெர்மிலியனில் பாதரசம், அந்தக் கால எமரால்டு பச்சையில் ஆர்சனிக். ரோஸ் மேடர் வெளிச்சத்தில் வெளுக்கும்.

இன்று போதுமானது இது: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், காட்மியம் சிவப்பு இளநிறம், குவினாக்ரிடோன் ரோஸ், பர்ன்ட் சியன்னா, விரிடியன், அல்ட்ராமரைன், ஐவரி கறுப்பு. எட்டு போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: டைட்டானியம் வெள்ளை ஈய வெள்ளையைவிட மிக வலுவானது. பழைய குறிப்புகளில் சொன்ன அளவு வெள்ளையைக் கலந்தால் தோல் சுண்ணாம்புபோல் வெளிறும். வெள்ளையில் நிறத்தைக் கலக்காமல், நிறத்தில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். காட்மியம் நிறங்களையும் உலர்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் மூச்சுக்குள் போகக்கூடாது.

அளவு முக்கியம். ஒரு தலைக்கு வெள்ளை மட்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவு, மற்றவை பெரிய நெல்லிக்காய் அளவு பிதுக்கி வையுங்கள். மாணவர்கள் துளித்துளியாக வைத்துக்கொண்டு தீட்டுவதை சார்ஜென்ட் கண்டித்தார்; தீட்டுவதற்குத் தாராளமாக வண்ணம் வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. காரணம் எளிது. வண்ணம் குறைவாக இருந்தால் கை தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் கீழே இருக்கும் ஈரத்தோடு கலந்து சேறாகும். நிறைய எடுத்தால் ஒரே இழுப்பில் மேலே உட்காரும்.

தூரிகை: பன்றிமயிரில் செய்த தட்டைத் தூரிகைகள், 12, 10, 8, 6 எண்களில் இரண்டிரண்டு. நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று எனப் பிரித்துவைத்தால் அடிக்கடி கழுவும் வேலை இல்லை. மெல்லிய உருண்டைத் தூரிகையை முதல் இரண்டு அமர்வுகளுக்குக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கையில் இருந்தால் கண்ணிமை மயிர் வரையத் தோன்றும். திரவம், தொடக்கத்தில் மட்டும் சில துளி டர்பென்டைன். பிறகு குழாயிலிருந்து வந்தபடியே. ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் மேற்பரப்பு சுருங்கி மடியும், நாளடைவில் மஞ்சளிக்கும்.

கேன்வாஸ் பளிச்சென்று வெள்ளையாக இருக்கக்கூடாது. வெள்ளைமேல் எந்த நிறமும் உண்மையைவிட இருட்டாகத் தெரியும்; அதை ஈடுகட்ட எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடுவோம். வெள்ளையும் கறுப்பும் ஓக்கரும் கலந்த நடுச் சாம்பலை டர்பென்டைனில் இளக்கி மெலிதாகப் பூசி, குறைந்தது ஒரு வாரம் உலரவிடுங்கள்.

முதல் இரண்டரை மணி நேரம்

கரித்துண்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வரையவேண்டாம். உச்சந்தலை, மோவாய், முகத்தின் இரு பக்கம், தலையின் சாய்வு, தோள்கோடு. இவ்வளவே. லண்டன் ராயல் அகாதெமி பள்ளியில் கற்பித்தபோது, வரையும்போது இடக்கையில் தூக்குக் குண்டு இல்லாமல் இருக்காதீர்கள் என்று சார்ஜென்ட் சொன்னார். ஒரு நூலில் ஈயக்குண்டோ சாவியோ கட்டினால் போதும். அதைக் கண்முன் தொங்கவிட்டு, கண்ணின் உள்மூலைக்கு நேர் கீழே மூக்கின் எந்த இடம் வருகிறது, வாயின் ஓரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். சாய்வுப் பிழை முழுவதும் இங்கே பிடிபடும். வண்ணம் ஏறிய பிறகு பிடித்தால் தலையையே இழக்கவேண்டும்.

அடுத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முகத்தில் மிக வெளிச்சமும் இல்லாத, மிக இருட்டும் இல்லாத பெரும்பரப்பு ஒன்று தெரியும். அதுதான் நடு டோன். அதைப் பேலட்டில் சரியாகக் கலக்கும்வரை கேன்வாஸைத் தொடவேண்டாம். மாநிறத்துக்கு ஓக்கர், காட்மியம் சிவப்பு, பர்ன்ட் சியன்னா, சிறிது வெள்ளை. அதிகச் சூடாகத் தெரிந்தால் ஊசிமுனை விரிடியன். கறுத்த தோலுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் அடிப்படை. வெள்ளை மிகக் குறைவு. வெளுத்த தோலுக்கு வெள்ளையில் ஓக்கரும் சிவப்பும். கலந்ததைப் பேலட் கத்தியின் நுனியில் எடுத்து, கையை நீட்டி, அமர்பவரின் கன்னத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கத்திமுனை முகத்தில் மறைந்துபோனால் டோன் சரி.

அந்த நிறத்தால் தலை முழுவதையும் ஒரு முட்டைபோல் மூடுங்கள். கண் இல்லை, வாய் இல்லை. உடனேயே பின்னணியையும் தலைமுடியையும் அவற்றின் நடு டோனில் வையுங்கள். பின்னணியைக் கடைசிக்குத் தள்ளினால் தலை ஒட்டிவைத்த அட்டைபோலத் தெரியும், ஏனெனில் உலர்ந்த ஓரத்தை யாராலும் குழைக்க முடியாது. முடிக்கும் பின்னணிக்கும் இடையே ஈரத்தூரிகையை ஒருமுறை இழுத்து ஓரத்தைத் தொலைத்துவிடுங்கள். எங்கே கூர்மை வேண்டும் என்பதைப் பிறகு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு மூன்று இடம் போதும்.

இப்போது நிழலுக்கு இறங்குங்கள். கண்குழி இரண்டும் இரண்டு இருண்ட பள்ளங்கள். மூக்கின் நிழல்பக்கம் ஒரு தளம். கீழுதட்டுக்கு அடியில் ஒன்று. தாடைக்கு அடியில் ஒன்று. நிழலில் வெள்ளை சேர்க்காதீர்கள், சேர்த்தால் நிழல் சாம்பல் பூத்துவிடும். பிறகு வெளிச்சத்துக்கு ஏறுங்கள்: நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு. மிக இருண்ட புள்ளிகளும் (நாசித்துளை, கருவிழி, உதடுகள் சேரும் கோடு) மிக வெளிச்சமான புள்ளிகளும் (நெற்றிமேட்டின் பளபளப்பு, கண்ணின் ஒளித்துளி) கடைசி. நடு டோனில் தொடங்கி இரு முனைகளுக்கும் பிறகு போனால் பொய்யான அழுத்தங்கள் விழாது என்று சார்ஜென்ட் விளக்கினார். இதற்கு எதிர்வரிசையில் போய்ப் பாருங்கள், புரிந்துவிடும்: முதலில் கருவிழியை வைத்தால், அதன் கறுப்புக்கு ஈடாக மற்ற நிழல்களையும் கறுக்கவைத்து, மூன்றாவது நிமிடமே முகம் களைத்துவிடும்.

வைத்த கீற்றின்மேல் மறுபடி தடவவேண்டாம். டோன் தவறு என்றால் கத்தியால் எடுத்துவிட்டுச் சரியானதை வையுங்கள். இரண்டு டோன்களுக்கு இடையில் வெட்டு கடினமாகத் தெரிந்தால், தேய்த்துக் கலக்காமல் இடைப்பட்ட மூன்றாவது டோனைப் பேலட்டில் கலந்து நடுவில் ஒரு கீற்றாக வையுங்கள்.

சுரண்டுதல்

அமர்வு முடிந்ததும் கேன்வாஸைக் கண்ணாடியில் பாருங்கள். இடவலம் மாறிய பிம்பத்தில் சாய்ந்த கண்ணும் கோணிய மோவாயும் உடனே தெரியும். பிழை அமைப்பில் இருந்தால் (தலை சிறியது, கண்கள் மேலே ஏறிவிட்டன, கழுத்து தப்பான இடத்தில் தொடங்குகிறது) அன்றைக்கே முழுத் தலையையும் கத்தியைப் படுக்கைவாட்டில் பிடித்து வழித்தெடுங்கள். பிறகு டர்பென்டைன் தொட்ட துணியால் இலேசாக ஒற்றுங்கள், அழுத்தவேண்டாம். மங்கலான சாயல் ஒன்று கேன்வாஸில் தங்கும். அடுத்த அமர்வில் அந்தச் சாயலின்மேல் தொடங்கினால் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கும்.

சார்ஜென்ட் ஒரே தலையைப் பல தடவை வழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தீட்டினார். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மூச்சில் வந்ததாகத் தெரிவது அதனால்தான். நாம் பார்ப்பது கடைசி முயற்சியை மட்டும்.

வழிக்காமல் விட்டால் நடப்பது இது. மண்நிறங்கள் (ஓக்கர், சியன்னா) இரண்டு மூன்று நாளில் தொடும் அளவுக்கு உலரும். ஐவரி கறுப்பும் ரோஸும் ஒரு வாரத்துக்கும் மேல் பிசுபிசுக்கும். மேல்தோல் மட்டும் உலர்ந்த அடுக்கின்மீது புதிய அடுக்கைப் போட்டால், அடியில் இருப்பது பிறகு சுருங்கும்போது மேலே வெடிப்பு விழும். ஆகவே ஒன்று முழு ஈரத்தில் வேலை செய்யுங்கள், அல்லது முழுதாக உலரும்வரை காத்திருங்கள். நடுவில் தொடவேண்டாம்.

கந்தல் துணிகளில் கவனம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

உடை, நிற்கும் விதம், ஒப்புக்கொள்ளும் வேலை

உடையை அமர்பவர் தீர்மானிக்கும்படி விட்டால் படம் அவருடைய தையல்காரருடையதாகிவிடும். சார்ஜென்ட் விடவில்லை. 1894-இல் கிரஹாம் ராபர்ட்சன் என்ற இளைஞரைத் தீட்டியபோது கோடைக்காலம். ஆனாலும் கணுக்கால்வரை நீளும் கனமான கறுப்பு மேலங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், அந்த அங்கிதான் படமே என்றார். ஒல்லியான உருவத்தை இன்னும் ஒல்லியாகக் காட்ட அங்கியை உடலோடு இறுக்கி இழுத்துவிட்டார். கீழே அதிகம் எதுவும் போட்டுக்கொள்ளாமல்தான் அந்த இளைஞரால் வெயிலைத் தாங்க முடிந்தது. இப்போது பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ள அந்தப் படத்தில் நீண்ட கறுப்பு நிழலுருவம் ஒன்றே போதும், ஆளை அடையாளம் சொல்ல. நீங்களும் உடையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை அணிந்தவர் தூரத்தில் எந்த வடிவமாகத் தெரிகிறார் என்று மட்டும் கேளுங்கள். பூவேலையும் நிறமும் இரண்டாவது. துணியைப் பின்பக்கம் ஊசி குத்தி இழுக்கத் தயங்கவேண்டாம்.

துணியை ஒரே அமர்வில் முடிக்கவேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்தால் மடிப்பு மாறிவிடும். மூன்று டோன்கள்: ஒரு நடு, ஒரு நிழல், ஒரு வெளிச்சம். ஒரு மடிப்புக்கு ஒரு கீற்று. வெள்ளை உடையில் குழாய் வெள்ளையை நேராகப் போடாதீர்கள். பரப்பு முழுவதும் நீலமும் ஓக்கரும் கலந்த சாம்பல்கள், தூய வெள்ளை நாலைந்து முகடுகளில் மட்டும்.

ஓர் உருவப்படம் பேரைக் கெடுக்கவும் கூடும். பாரீஸ் சமூகத்தில் பேசப்பட்ட அழகி விர்ஜினி கோத்ரோவைத் தீட்ட சார்ஜென்ட் தாமே விரும்பிக் கேட்டார். யாரும் பணம் கொடுத்து ஏற்பாடு செய்த வேலை அன்று. 1883-இல் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் இருந்த கோத்ரோவின் வீட்டுக்குப் போய்ப் பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் ஏராளமாக ஆய்வுச்சித்திரம் போட்டார். கோத்ரோவுக்கோ அசையாமல் நிற்கப் பொறுமையில்லை. 1884-இல் பாரீஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் படம் தொங்கியபோது, தோளிலிருந்து நழுவிய உடையின் வார் ஒன்று ஊரையே கொதிக்கவைத்தது. படத்தை எடுத்துவிடும்படி கோத்ரோவின் தாயார் கெஞ்சியும் சார்ஜென்ட் மறுத்தார். பிற்பாடு அந்த வாரைத் தோளில் ஏற்றித் தீட்டினார். பாரீஸில் வேலை வற்றியது. 1886-இல் லண்டன் செல்சீயின் டைட் தெருவில், முன்பு ஓவியர் விஸ்லர் இருந்த கூடத்துக்குக் குடியேறினார். 1916-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 1,000 பவுண்டுக்கு அதே படத்தை விற்றபோது, தாம் செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்று நினைப்பதாக எழுதினார்.

நடைமுறைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது: நிற்கும் விதம், உடையின் திறப்பு, படம் எங்கே தொங்கும் என்ற மூன்றையும் முதல் அமர்வுக்கு முன்பே, சிறிய ஆய்வுச்சித்திரத்தைக் காட்டிப் பேசி முடியுங்கள். தொழிலாகச் செய்பவர் அமர்வுகளின் எண்ணிக்கையையும் (ஆறு முதல் பத்து) எழுத்தில் வையுங்கள். வேலை நடக்கும்போது உறவினர் பின்னால் நின்று வாயைப் பற்றிக் கருத்துச் சொல்ல இடம் கொடுக்கவேண்டாம். வாயைப் பற்றித்தான் எல்லாரும் சொல்வார்கள்.

இரண்டு மணி நேரமே உள்ளவர்களுக்குக் கரி

1907-க்குப் பிறகு சார்ஜென்ட் எண்ணெய் உருவப்படங்களை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கேட்டவர்களுக்குக் கரியில் தலைகளை வரைந்து கொடுத்தார், நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றுக்கு ஒரே அமர்வு, இரண்டு மூன்று மணி நேரம். மேலே சொன்ன அதே வரிசைதான், நிறம் மட்டும் இல்லை.

சற்றே சொரசொரப்பான, 60 × 45 செ.மீ. அளவுத் தாளை எடுங்கள். கரியைப் படுக்கைவாட்டில் தேய்த்துத் துணியால் பரப்பினால் தாள் முழுவதும் நடு டோன் வந்துவிடும். நிழல்களைக் கரியால் இருட்டாக்குங்கள். வெளிச்சத்தை ரொட்டியின் உள்பகுதியைப் பிசைந்து ஒற்றி எடுங்கள். சார்ஜென்ட்டும் ரொட்டியைத்தான் பயன்படுத்தினார். வெண்ணெய், எண்ணெய் சேராத ரொட்டியாக இருக்கட்டும், இல்லையேல் தாளில் கறை ஏறி அந்த இடம் கரியைப் பிடிக்காது. பிசைந்த ரப்பரும் ஆகும். தலைமுடியின் பின்புறத்தைப் பின்னணிக் கருமையோடு கலக்கவிட்டு, வெளிச்சப்பக்கக் கன்னத்தின் ஓரத்தை மட்டும் கூராக்குங்கள்.

முடிந்ததும் தாளைச் சாய்த்துத் தட்டி உதிரித் தூளை நீக்கி, ஃபிக்ஸேட்டிவை (கரி உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பை) 30 செ.மீ. தூரத்திலிருந்து, காற்றோட்டமான இடத்தில், மூன்று மெல்லிய படலங்களாகத் தெளியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிடம் விடுங்கள். ஒரே தடவையில் நனைத்தால் நிழல்கள் கறுத்து, ரொட்டியால் எடுத்த மெல்லிய வெளிச்சங்கள் அமுங்கிவிடும்.